நாற்பத்தேழாம் எண் வீடு

ஞாயிறு மாலை

அன்புள்ள நம் வக்கீலின் அப்பாவுக்கு,

நானும் மகளும் இங்கே நலமாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்டுக் கேட்டு அந்த வரியே தேய்ந்துவிட்டது. ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதத்தைத் தொடங்க எனக்கு வரவில்லை. போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்கள். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

வக்கீல் யார் என்று யோசிப்பீர்கள். நம் மகள்தான். நீங்கள் போன இந்த இரண்டரை வருடத்தில் அவளுக்கு உயரமும் வாயும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்துவிட்டன. சந்தில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். தண்ணீர்க் குழாயில் தகராறு வந்தால் தீர்ப்பும் அவளே சொல்கிறாள். யார் மாதிரி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியும்.

பெரிய செய்திக்கு வருகிறேன். நம் வீடு நம்முடையது ஆகப் போகிறது. போன செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்கிறவர்கள் வந்தார்கள். இந்தக் குடியிருப்பு முழுவதையும் அளந்து, அன்றைய தேதியில் நிற்கிற வீடுகளுக்கு அந்தந்த இடத்தையே எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். அதற்குப் பிறகு முளைக்கிற வீட்டை இடித்துவிடுவார்களாம். ஒருவர் நாடா பிடித்தார், ஒருவர் புத்தகத்தில் அளவை எழுதினார், மூன்றாமவர் கையில் சிவப்பு பெயின்ட் டப்பா. நம் வாசலுக்குப் பக்கத்தில் செங்கல் சுவரில் 47 என்று எழுதினார். எழுத்தா அது, கோழி கிறுக்கியது போல இருந்தது. சந்தில் மொத்தம் பதினொரு வீடு, நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தொன்று வரை. பத்து நாளில் இன்னொரு குழு வரும், எண்ணைப் பார்த்து, குடும்பத்தை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்து, அப்போதுதான் பெயர் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் வாயைக் கோணுவது இங்கிருந்தே தெரிகிறது. கால்வாய் ஓரத்து வீட்டுக்கும் இப்படித்தான் ஒருவன் காகிதம் காட்டினான் என்பீர்கள். அவன் தரகன், இவர்கள் அரசாங்கம். நீங்கள் நம்பிக் கட்டிய அந்த வீடு அரை நாளில் மண்ணானதை நானும்தான் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம். இந்த வீட்டில் நீங்கள் ஆறு மாதம்தான் இருந்தீர்கள். கூரைக்கு இரும்புச் சட்டம் வெல்டு வைத்ததோடு சரி, ஒரு செங்கலைத் தொடவில்லை. பரவாயில்லை, சட்டம் இன்னும் அசையாமல் நிற்கிறது.

நான் இப்போது சித்தாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிரே சேறாகக் கிடந்த நிலத்தில் இருபது மாடி எழும்பிவிட்டது. அதில் பதினான்காவது மாடியில் எனக்குப் பூச்சு வேலை. மேஸ்திரி ஒருநாள் ஆள் வரவில்லை என்று கரண்டியை என் கையில் கொடுத்தார். அதன்பிறகு திருப்பி வாங்கவில்லை. நான் பூசிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூல் விலகாது. தற்பெருமை இல்லை, நீங்களே வந்து பார்க்கலாம்.

அந்தப் பெருமையில்தான் ஒரு வேலை செய்தேன். போட்டோ எடுக்க வருகிறார்கள், இந்தப் பல்லிளிக்கிற செங்கல் முன்னால் எப்படி நிற்பது? மேஸ்திரியிடம் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு முன்சுவரைப் பூச முடிவு செய்தேன். சந்து முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணனை உங்களுக்குத் தெரியுமே, "என் சுவரு மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு" என்று கேட்டார். பூச்சை அவர் வீட்டில்தான் தொடங்கினேன். பிறகு மாடிக்காரம்மா கேட்டார். நம் சந்தில் மேலே ஒரு அறை போட்டிருப்பது அவர் மட்டும்தான், அதனால் அந்தப் பெயர். இப்படியே பதினொரு வீடும் ஆயிற்று. அண்ணன் கலவை போட்டார், மாடிக்காரம்மா சட்டி எடுத்துக் கொடுத்தார், ஆளாளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். இன்று மதியம் நம் வக்கீல் நீலப் பெயின்ட் வாங்கி, எல்லா வீட்டுக்கும் அதே எண்ணை அழகாக எழுதி முடித்தாள். அச்சடித்தது மாதிரி இருக்கிறது. சந்தின் இந்த முனையிலிருந்து பார்த்தால் நம் தெருதானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்கள். நல்ல செய்தி சீக்கிரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

வியாழக்கிழமை

அன்புள்ள வக்கீலின் அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, அதனால் நலம் என்றே எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சந்தில் பதினொரு வீடும் பட்டியலில் இல்லை. காரணம் நான்.

காலையில் இரண்டாவது குழு வந்தது. தலைமை ஒரு அதிகாரி அம்மா. என்னைவிட வயதில் சின்னவர், சிரிக்காத முகம், கையில் புத்தகம். நாங்கள் எல்லோரும் துவைத்த துணி உடுத்தி வாசலில் நின்றோம். அவர் சந்துக்குள் நுழைந்தவுடனேயே நின்றுவிட்டார். சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பூச்சில் இன்னும் ஈரம். "இது எப்ப கட்டுனது?" என்று கேட்டார். பழைய வீடுதான், பூச்சுதான் புதுசு என்றேன். நீல எண்ணைக் காட்டி, இதை யார் எழுதினது என்றார். நம் மகள் ஒரு அடி முன்னால் வந்து "நான்தான் மேடம்" என்று பெருமையாகச் சொன்னாள்.

அவ்வளவுதான். "நம்பரை நீங்களே எழுதிக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வேறு இடங்களில் பழைய வீட்டின் எண்ணை எடுத்துப் புதிதாகக் கட்டிய வீட்டில் எழுதி ஏமாற்றியிருக்கிறார்களாம். சிவப்பு எண் இல்லை, பூச்சு காயவில்லை, எழுத்து ஒரு சின்னப் பெண்ணின் கை. தேதிக்குப் பிறகு முளைத்த வீடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் குழுவின் புத்தகத்தில் எண் இருக்கிறது, அளவு இருக்கிறது, பெயரும் இல்லை, எந்தச் சந்து என்றும் இல்லை; அதே அளவில் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்றார். எண் எழுதிய ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஆயிரம் வீட்டுக்கு எழுதினேன், எந்தச் சந்து என்று யாருக்கு ஞாபகம் என்றானாம். பதினொரு கதவிலும் சாக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டுவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை பட்டியல் முடிகிறது, அதற்குள் ஆதாரம் காட்டினால் பார்க்கலாம் என்றார். ஆதாரத்துக்கு எங்கே போவது? நமக்கு வருகிற கடிதம்கூட பஞ்சர் கடை முகவரிக்குத்தான் வருகிறது.

அவர்கள் போனதும் பூச்சை உடைத்துப் பார்க்கலாம் என்றார் பஞ்சர் அண்ணன். அவர் வீட்டில்தான் உளி வைத்தோம். வாசல் பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு உடைத்தும் சிவப்பில் ஒரு புள்ளி கிடைக்கவில்லை. சாந்தோடு சேர்ந்து போய்விட்டது. அதற்குமேல் உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மகள் சாப்பிடவில்லை. நீல டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். எழுதச் சொன்னது நான்தானே என்று சொல்லியும் கேட்கவில்லை.

எல்லோரும் என்னைப் பிடித்து உலுக்குவார்கள் என்று காத்திருந்தேன். உலுக்கினால் நன்றாக இருந்திருக்கும். மாடிக்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "சுவரு நல்லா இருக்குன்னு நாங்கதானே கேட்டோம்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் உடைத்த சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, "தெரியாம பண்ணதுதானே, விடும்மா" என்றார். எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்களுக்கு ஏதாவது வழி தோன்றினால் கடைக்குப் போன் செய்யுங்கள். திட்டுவதற்காகவென்றாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து

அன்புள்ள உங்களுக்கு,

பதினொரு வீடும் பட்டியலில் ஏறிவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு படிக்கலாம்.

எப்படி என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை வேலையில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். பதினான்காவது மாடியில் படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு இடத்தில் பூச்சு உப்பி நிற்கிறது. கரண்டிக் காம்பால் தட்டினால் மற்ற இடத்தில் கெட்டியாகவும் அங்கே மட்டும் காலிப் பானை மாதிரியும் சத்தம் வருகிறது. உடைத்துப் பார்த்தால், ஒயர் இழுக்கிறவர்கள் சுவரில் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதைச் சுரண்டாமல், சுவரையும் கொத்திச் சொரசொரப்பாக்காமல் யாரோ அவசரத்தில் மேலே பூசியிருக்கிறார்கள். "எண்ணெய் பெயின்ட் மேல சாந்து பிடிக்குமா? தெரியாதா உனக்கு?" என்று கத்தினார். அது நான் பூசிய சுவர் இல்லை. ஆனால் நான் கீழே விழுந்த பூச்சைப் பார்த்தபடி நின்றேன். தகடு போலக் கழன்று வந்திருந்தது. செங்கல்லில் அம்புக்குறி அப்படியே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஞ்சர் அண்ணன் வீட்டில் தொடங்கும்போது எனக்கு உற்சாகம். அவர் வேறு பின்னால் நின்றுகொண்டு "நல்லா கொத்தும்மா, நல்லா கொத்தும்மா" என்று மேற்பார்வை பார்த்தார். முறைப்படி சுவர் முழுக்கக் கொத்தினேன், எண்ணும் பொடிப்பொடியாகப் போய்விட்டது. அடுத்த பத்து வீட்டுக்கு நேரம் எங்கே? தண்ணீரை விசிறி அடித்து நேராகப் பூசிவிட்டேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் கரண்டியைப் பிடுங்கிவிடுவார். என் ஒழுங்கான வேலை ஒரு எண்ணைத் தின்றது, என் அரைகுறை வேலை பத்து எண்ணைக் காப்பாற்றியிருக்கிறது. இதை வெளியே சொல்லாதீர்கள், எனக்கும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

செவ்வாய் மாலையே நம் சுவரைத் தட்டிப் பார்த்தேன். வாசல் பக்கம் நெஞ்சு உயரத்தில் அதே காலிச் சத்தம். ஆனால் உடைக்கவில்லை. நானாக உடைத்துவிட்டுச் சிவப்பு எண்ணைக் காட்டினால், இதுவும் நீங்களே எழுதினதுதானே என்பார் அதிகாரி அம்மா. அவர் கண்ணெதிரே உடைக்க வேண்டும். வக்கீலும் அதையே சொன்னாள். மறுபடி அவளுக்கு வாய் வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

நேற்று அதிகாரி அம்மா வந்தார். பத்து நிமிடம் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். முதலில் அவரையே தட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கரண்டியை வாங்கினார். இங்கே தட்டுங்கள், இப்போது இங்கே தட்டுங்கள், வித்தியாசம் கேட்கிறதா என்றேன். கேட்கிறது என்று தலையசைத்தார். கத்தி போலக் கரண்டியை ஓரத்தில் சொருகி நெம்பினேன். என் கையால் மழமழவென்று தேய்த்த சுவர், நெம்பும்போது வலிக்கத்தான் செய்தது. ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு ஒரே துண்டாகக் கையில் வந்தது. உள்ளே 47. அதே கோழிக் கிறுக்கல். உலகத்தில் அதைவிட அழகான எழுத்தை நான் பார்த்ததில்லை.

அதிகாரி அம்மா புத்தகத்தைப் பிரித்து அளவைச் சரிபார்த்தார். பிறகு அடுத்த வீட்டுக்கு அவரே முன்னால் நடந்து, சுவரைத் தட்டித் தட்டி, "அக்கா, இங்க இருக்கு பாருங்க" என்றார். எட்டாவது வீட்டுக்கு வரும்போது அவர் புடவையெல்லாம் சிமென்ட் தூள். பஞ்சர் அண்ணன் மட்டும் உடைந்த சுவருக்கு முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் காட்ட எதுவும் இல்லை. அதிகாரி அம்மா இடது பக்க வீட்டைப் பார்த்தார், வலது பக்க வீட்டைப் பார்த்தார். "நாப்பத்து மூணுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுல வேற என்ன நம்பர் வரும்?" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவர் அழுவதைப் பார்த்தபோது எனக்கு உங்கள் முகம் வந்தது. நீங்கள் அன்று அழவில்லை. கால்வாய் ஓரத்து வீட்டை இயந்திரம் தள்ளும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அழுதது நான். அழுதுகொண்டே, அத்தனை பேர் நடுவில், "ஒரு காகிதத்தைப் பாத்து வாங்கத் துப்பில்லாத ஆளுக்கு வீடு ஒரு கேடா" என்று கேட்டதும் நான்தான். நாக்கு எனக்கு எப்போதும் கையைவிட வேகம். நீங்கள் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு எதற்குமே பதில் சொல்லவில்லை. நான் ஒரு வீட்டை இல்லை, பதினொரு வீட்டைத் தொலைக்கப் பார்த்தேன். தெரியாமல் பண்ணதுதானே, விடும்மா என்றார்கள் இந்தச் சந்துக்காரர்கள். கூடப் பிறந்தவர்களும் இல்லை, கட்டிக்கொண்டவர்களும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அன்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் தாமதமாகச் சொல்கிறேன். நீங்கள் தெரியாமல் செய்ததுதான். விட்டுவிடுங்கள். நான் பேசியதை மன்னித்துவிடுங்கள்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், இதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன்.

பெயர் எழுதும்போது அதிகாரி அம்மா, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வெளியூரில் வெல்டிங் வேலை என்றேன். எத்தனை நாளாக என்றார். சொன்னேன். தாளில் இரண்டு கட்டம் இருக்கிறது. வசிக்கிறார், வசிக்கவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, வசிக்கவில்லைன்னு போட்டுடுங்க. உங்க பேர்ல தனியா சுலபமா முடிஞ்சிடும். வசிக்கிறார்னு போட்டா, ரெண்டு மாசத்துல கடைசி விசாரணைக்கு அவரு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வரலைன்னா பொய்த் தகவல்னு உங்க வீட்டை நிறுத்தி வெச்சிடுவாங்க." மாடிக்காரம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவரும் அதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. வக்கீல் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வசிக்கிறார் என்ற கட்டத்தில் குறி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

புதன்கிழமை கடைக்கு உங்கள் எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்து, அண்ணன் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அந்த ஒரு மணிச் சத்தத்தை நம்பித்தான் குறி போட்டேன் என்று நினைக்காதீர்கள். மணி அடிக்காவிட்டாலும் போட்டிருப்பேன். குறி கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

விசாரணை வருகிற மாதத்துக்கு அடுத்த மாதம், மூன்றாவது திங்கட்கிழமை, காலை பத்து மணி. கூட்டமாக இருக்குமாம், முந்தின நாளே வந்துவிடுவது நல்லது. எண் தெரிகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒழுங்காகப் பூசி வைக்கிறேன். நீங்கள் செங்கல்லைத் தொட வேண்டாம். வேறு எந்த வேலையும் நான் வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மாலையே திரும்பிப் போக வேண்டுமென்றாலும் தடுக்க மாட்டேன்.

நம் மகளும் உடன் இருக்க, அரசாங்கத்துத் தாளில் உங்களைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வாயாடி, முன்கோபி, எல்லாம் சரி. பொய்க்காரி மட்டும் இல்லை. என்னை அப்படி ஆக்கிவிடாதீர்கள்.

இந்த வீட்டில் உங்களோடு வசிக்கும்,
உங்கள் மனைவி